காதுக்கு முன்னால் நாற்காலி

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓவிய ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியத்தை ரசிக்கக் கற்றுக்கொடுக்க ஆசை. ஓவியர்களைப் பற்றிய திரைப்படங்களைப் போட்டுக் காட்டலாம் என்று நினைக்கிறேன். எந்தெந்தப் படங்கள் நல்லவை? பிள்ளைகள் தூங்கிவிடாமல் பார்ப்பார்களா?" பார்த்தால் பட்டியல் கேட்பதுபோல இருக்கிறது. பட்டியல் எங்கும் கிடைக்கும். இதற்குள் வேறொரு கேள்வி இருக்கிறது: ஓவியனின் வாழ்க்கையைத் திரையில் பார்த்த பிள்ளை, பிறகு ஓர் ஓவியத்தின் முன்னால் போய் நின்றால் முன்பு பார்க்காத எதையாவது பார்க்குமா? நான் பதில் சொல்ல முயல்வது அதற்குத்தான்.

என் தகுதியையும் அதன் எல்லையையும் முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். பழைய வட ஆர்க்காட்டின் கிராமத்துப் பள்ளிகளிலும் பிறகு வேலூரிலுமாக 28 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். திரைப்படக் கலை படித்தவன் அல்லன். வகுப்பில் படம் காட்டினால் ரசனை எவ்வளவு கூடுகிறது என்று அளந்து பார்த்தவனும் அல்லன். கீழே அடித்துச் சொல்வதெல்லாம் என் வகுப்பில் திரும்பத் திரும்ப நடந்தவை. மற்றவற்றை என் எண்ணம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் நமக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. சுவரில் மாட்டுவதும் படம், தியேட்டரில் ஓடுவதும் படம். "சார், இன்றைக்குப் படம் காட்டுங்கள்" என்று பிள்ளைகள் கேட்டால் அது ஓடும் படம்தான். நிற்கும் படத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டிராயிங். ஓடும் படம் நம் கண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதெல்லாம் இயக்குநரின் பொறுப்பு. நிற்கும் படத்தில் அந்த வேலை முழுவதும் பார்ப்பவர் தலையில் விழுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை ஓர் ஓவியத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பதே பெரிது. அந்த ஒரு நிமிடத்தை ஐந்து நிமிடமாக்குவதுதான் நம் பிழைப்பு. ஓடும் படம் அதற்குக் கை கொடுக்கவும் செய்யும், காலை வாரிவிடவும் செய்யும்.

காலை வாரியதை முதலில் சொல்கிறேன். பள்ளிக்குப் புரொஜெக்டர் வந்த புதிதில், மஞ்சள் நிறத்துக்குப் பேர்போன டச்சு ஓவியர் வான்கோவைப் பற்றி 1956-இல் வெளிவந்த 'லஸ்ட் ஃபார் லைஃப்' படத்தை முழுதாகப் போட்டேன். கிர்க் டக்ளஸ் வான்கோவாக நடித்தது. அவருடைய ஓவிய நண்பர் கோகனாக நடித்த ஆந்தனி குவினுக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. இரண்டு மணி நேரப் படம். மூன்று பாட வேளைகளைக் கெஞ்சி வாங்கினேன். பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். கடைசியில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. மறுநாள், மனத்தில் நின்றதைப் பத்து வரி எழுதுங்கள் என்றேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் காது. ஏன் அறுத்துக்கொண்டார், எதனால் அறுத்துக்கொண்டார், வலித்திருக்காதா, பிறகு காது கேட்டதா. ஒரு பையன், பைத்தியம் பிடித்தால்தான் பெரிய ஓவியர் ஆக முடியும் என்று தெரிந்துகொண்டதாக எழுதியிருந்தான். மஞ்சள் என்ற சொல் ஒரு தாளிலும் இல்லை. வான்கோவோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தவர்களிடம் மஞ்சள் இல்லை!

தவறு பிள்ளைகளுடையது அல்ல, அந்தப் படத்துடையதுகூட அல்ல. ஓவியனின் வாழ்க்கையைப் படமாக்குகிறவர்களுக்குச் சண்டையும் பசியும் காதலும் வேண்டும். அவை இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் ஓடாது. ஒருவர் ஈஸல் என்னும் ஓவியத் தாங்கியின் முன்னால் மணிக்கணக்கில் நின்று ஒரு மஞ்சளுக்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சளை வைத்துப் பார்ப்பதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? ஆகவே ஓவியம் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. நான்தான் வரிசையைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு வான்கோ 1888-இல் வரைந்த நாற்காலி ஓவியத்தைப் பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். யாருடையது, எப்போது வரைந்தது, ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் பேச்சு கூடாது. பிறகு, என்ன தெரிகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். என்ன தோன்றுகிறது என்பதெல்லாம் பின்னால். சிவப்புத் தரை ஓடு, நீலக் கதவு, மஞ்சள் நாற்காலி, அதன்மேல் புகைக்குழாய், புகையிலைப் பொட்டலம் என்று வந்தது. "நாற்காலி நேராக நிற்கவில்லை சார், உட்கார்ந்தால் சாய்ந்துவிடும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். கைத்தறி வீட்டுப் பையன் ஒருவன், கைலி நெய்கிற குடும்பம், எழுந்து வந்து தாளுக்கு மிக அருகில் நின்றான். இருக்கை கோரையால் பின்னியது. அவன் விரலை வைத்துக் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், இவர் பின்னலைப் போடவே இல்லை. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறார். அங்கே போய் நின்றால் பின்னல், இங்கே வந்தால் வெறும் கோடு" என்றான். தூரிகைத் தீற்றலைப் பற்றி நான் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அவன் இரண்டு வரியில் முடித்துவிட்டான். பின்னால் இருக்கும் பெட்டியில் முளைவிட்ட வெங்காயத்தைக் கண்டுபிடித்தது ஒரு பெண். பெட்டியின் மேல் 'வின்சென்ட்' என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: "இதில் உட்கார்ந்திருந்தவர் எங்கே போனார் சார்?"

அந்த இடத்தில் புரொஜெக்டரைப் போட்டேன். பிரான்சின் ஆர்ல் நகரத்தில் வான்கோ இருந்த வீட்டுக்குக் கோகன் வருவதும் இருவரும் சேர்ந்து இருப்பதுமான பகுதி மட்டும், பதினைந்து நிமிடத்துக்குள். காதுக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் அதே காலத்தில் வான்கோ வரைந்த கோகனின் நாற்காலியைக் கொண்டுவந்தேன்: கைப்பிடி வைத்த நாற்காலி, அதன்மேல் எரியும் மெழுகுவர்த்தி, இரண்டு புத்தகங்கள். ஒன்று பகல், ஒன்று இரவு. இரண்டிலும் ஆள் இல்லை. இரண்டு ஆட்களின் குணத்தைப் பற்றியும் பிள்ளைகள் அன்றைக்குப் பேசியதை நான் எதிர்பார்க்கவில்லை. காது பிறகு வராமல் இல்லை, வந்தது. ஆனால் நாற்காலிக்குப் பின்னால் வந்தது. அன்றிலிருந்து என் பழக்கம் இதுதான்: ஓவியம் முதலில், பேசாமல். திரைப்படம் பிறகு, துண்டாக. அது முடிந்ததும் மறுபடியும் அதே ஓவியம்.

இப்படிப்பட்ட படங்களில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லியே தீர வேண்டும். வான்கோ 1853-இல் பிறந்தார், ஏறக்குறைய பத்து ஆண்டுகளே வரைந்தார், 1890 ஜூலை 29 அன்று 37 வயதில் இறந்தார், தம்பி தியோவுக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள் எழுதினார்: இவை உறுதி. வாழ்நாளில் ஒரே ஓவியம்தான் விற்றது என்பது எல்லோரும் சொல்வது. சிவப்புத் திராட்சைத் தோட்ட ஓவியத்தை பெல்ஜிய ஓவியர் ஆன்னா போக் 400 ஃபிராங்குக்கு வாங்கினார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அது ஒன்று மட்டும்தான் என்பதற்கு இல்லை. நான் போட்ட 1956 படத்தில் காக்கைகள் பறக்கும் கோதுமை வயலை வரைந்தவுடன் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். பிரமாதமான காட்சிதான். ஆனால் மர வேர்களை வரைந்த இன்னொரு ஓவியத்தையே அவருடைய கடைசி ஓவியமாக ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். சாவைப் பற்றியும் ஒரு வழக்கு இருக்கிறது. தற்கொலை என்பதே பெரும்பாலோர் ஏற்ற கருத்து. 2011-இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு, சிறுவர்களின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்திருக்கலாம் என்றது. பிறகு வந்த 'லவிங் வின்சென்ட்', 'அட் எடர்னிட்டிஸ் கேட்' என்ற படங்கள் இரண்டும் அதைத் தொட்டுக்கொண்டு போகின்றன. பிள்ளைகளுக்கு இந்த வழக்கு அல்வா மாதிரி. பத்து நிமிடம் வாதாட விடுங்கள். பிறகு வேர்களின் ஓவியத்தைக் காட்டி, எது வேர், எது மண், எது தண்டு என்று கேளுங்கள். கேள்வி எளிது, பதில் எளிதல்ல.

கற்பனைக் கதையாக எடுத்த படமும் பயன்படும், கற்பனை என்று சொல்லிவிட்டால். 2003-இல் வந்த 'கேர்ள் வித் எ பெர்ல் இயரிங்' 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் புகழ்பெற்ற ஓவியத்தைச் சுற்றிப் பின்னிய கதை. அதில் வரும் வேலைக்காரப் பெண் க்ரீட் நாவலில் பிறந்தவள்; ஓவியத்தில் இருப்பவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. முழுப் படம் உங்கள் வகுப்புக்குத் தேவையில்லை. அதில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. வெர்மீர் அந்தப் பெண்ணை ஜன்னலுக்கு அழைத்து மேகம் என்ன நிறம் என்று கேட்பார். வெள்ளை என்பாள். கொஞ்சம் பார்த்துவிட்டு மஞ்சள், நீலம், சாம்பல் என்று திருத்திக்கொள்வாள். அங்கே நிறுத்திவிட்டு வகுப்பை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். நான் மேகத்தைக் கேட்கவில்லை, நம் ஊரில் மேகத்துக்கு எங்கே போவது? வேலூரைச் சுற்றியிருக்கும் பாறை மலையைக் காட்டி, என்ன நிறம் என்று கேட்டேன். கருப்பு என்றார்கள். சாம்பல் என்றார்கள். மாலை நான்கு மணி வெயில் பாறையின் மேற்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. ஒருத்தி மெதுவாக, "செங்கல் மாதிரி இருக்கிறது சார்" என்றாள். நிழலில் ஊதா இருக்கிறது என்று இன்னொருவன் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் தட்டிச் சிரித்தான். இரண்டு நிமிடம் கழித்து அவனும் ஊதாவைப் பார்த்துவிட்டான். மணி அடிப்பதற்குள் கரும்பலகையில் பதினொரு நிறம் எழுதினோம். அதே மலையைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

அதே படத்தில் வண்ணம் அரைக்கும் காட்சிகளும் நல்லவை. நம் பிள்ளைகளுக்கு வண்ணம் என்றால் கடையில் வாங்கும் போஸ்டர் கலர் புட்டி. ஆப்கானிஸ்தானத்து மலையிலிருந்து வந்த நீலக் கல்லை அரைத்துத்தான் வெர்மீர் அந்த நீலத் தலைப்பாகையை வரைந்தார் என்றால் வாயைப் பிளப்பார்கள். ஓவியம் இருக்கும் தி ஹேக் நகரத்து மாவுரிட்ஷுய்ஸ் அருங்காட்சியகம் தன் ஆராய்ச்சி முடிவுகளை 2020-இல் வெளியிட்டது. இன்றைக்குக் கருப்பாகத் தெரியும் பின்னணி ஒரு காலத்தில் பச்சைத் திரைச்சீலை. கண்ணில் இமை முடிகள் வரைந்திருக்கின்றன, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அந்த முத்து? வெள்ளைச் சாயத்தின் சில தீற்றல்கள்தான், காதில் மாட்டும் கொக்கிகூட இல்லை. கைத்தறிப் பையன் நாற்காலியில் கண்டுபிடித்ததும் இதே வித்தைதான்.

திரை செய்யும் இன்னொரு தீங்கு அளவு. எல்லா ஓவியங்களும் ஒரே சுவர் அளவுக்கு வந்துவிடுகின்றன. இதற்கு மருந்து சார்ட் பேப்பர். வெர்மீரின் பெண்ணுக்கு 44.5 சென்டிமீட்டர் உயரம், 39 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிக் கையில் கொடுங்கள். இவ்வளவுதானா என்பார்கள். பிக்காசோ 1937-இல் வரைந்த 'கெர்னிகா'வுக்குத் தாள் போதாது. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பதினொன்றரை அடிக்கு இருபத்தைந்தரை அடி கோடு போட்டு உள்ளே வகுப்பையே நிற்க வையுங்கள். திரையில் பார்த்தபோது வராத மூச்சு அப்போது வரும். நிறத்தைப் பற்றியும் எச்சரிக்கை: பழைய புரொஜெக்டர் விளக்கில் வான்கோவின் மஞ்சள் பாசிப் பச்சையாகிவிடும். நல்ல பிரிண்ட் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரே ஒரு படம்தான் காட்ட முடியும் என்றால் எதைக் காட்டுவீர்கள் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ 1956-இல் எடுத்த 'தி மிஸ்டரி ஆஃப் பிக்காசோ' என்பேன். இதில் வாழ்க்கைக் கதை இல்லை, காதல் இல்லை, காது இல்லை. மை ஊடுருவும் தாளில் பிக்காசோ வரைகிறார். கேமரா தாளின் மறுபக்கத்தில் இருக்கிறது. கை தெரியாது. கோடு தானாகப் பிறந்து ஓடுகிறது. பேச்சு மிகக் குறைவு, ஆகவே மொழித் தொல்லையும் இல்லை. ஒளிப்பதிவாளர் க்ளோத் ரென்வார், ஓவியர் ரென்வாரின் பேரன். ஓரிடத்தில் பூங்கொத்து ஒன்று மீனாகி, மீன் சேவலாகி, சேவல் ஒரு முகமாகிவிடும். அதைக் காட்டும்போது நான் ஒரு விதி வைப்பேன்: "படம் முடிந்துவிட்டது, இதற்குமேல் தொட வேண்டாம் என்று யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கையைத் தூக்குங்கள்." பூவிலேயே பாதிக் கைகள் எழும்பிவிடும். பிக்காசோ நிறுத்தமாட்டார். மீனில் நின்றிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, சேவலைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு கட்சி. ஏன் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் கோடு, வெற்றிடம், கனம் பற்றியவை. அந்தச் சொற்கள் தெரியாமலேயே அவற்றைப் பேசுவார்கள். என் வகுப்பில் நடந்த மிகச் சிறந்த விவாதங்கள் இந்தப் பத்து நிமிடத்தில்தான் நடந்தன.

மறுநாள் செய்முறை. பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலுக்கு எதிரே இறுக்கிக் கட்டினேன். ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் நின்று பெரிய மார்க்கரால் துணியில் வரைய வேண்டும். மற்றவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மை ஊறி இந்தப் பக்கம் கோடு வரும். ஆளின் நிழலும் விழும், பரவாயில்லை. மெல்லிய துணியாக இருக்க வேண்டும். எட்டு முழ வேட்டியை மடிக்காமல் ஒற்றையாகக் கட்டுங்கள். மை துணியை விட்டுப் போகாது, வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

பிக்காசோ என்றாலே, "கண் ஏன் சார் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இவருக்கு வரையத் தெரியாதா?" என்ற கேள்வி வந்தே தீரும். நான் பல ஆண்டுகள் ஐரோப்பிய வரலாற்றைச் சொல்லிப் பார்த்துத் தோற்றேன். ஒரு மாணவன்தான் எனக்கு வழி காட்டினான். அவன் ஊரில் அக்னி வசந்த விழா முடிந்திருந்தது. பாரதக் கூத்தின் கடைசியில் படுகளத்துக்காக மைதானத்தில் மண்ணால் துரியோதனனைச் செய்து படுக்க வைப்பார்கள், நம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். தெரு நீளத்துக்கு உடம்பு, முறம் போலக் கண், மீசை மட்டும் ஓர் ஆள் அளவு. "அதைப் பார்த்து யாரும் மனிதன் மாதிரி இல்லை என்று சொல்லமாட்டார்கள் சார். பயப்படுவார்கள்" என்றான். தொடையில் பீமன் அடிக்க வேண்டும், அதனால் தொடை பெரிது; எட்ட நிற்கும் கூட்டத்துக்கும் தெரிய வேண்டும், அதனால் கண் பெரிது. உருவத்தை எதற்காகத் திரிக்கிறார்கள் என்ற கேள்விக்கு உள்ளே அவன் தானாகவே போய்விட்டான். கூத்தில் கட்டை கட்டி, அரிதாரம் பூசி வரும் வேஷக்காரரின் முகம் எப்படிப்பட்டது என்று அடுத்த வகுப்பு ஓடியது. பிக்காசோவுக்கும் படுகளத்துக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை, அப்படிச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையின் கண்ணுக்கு ஒரு படிக்கட்டு வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டுப் படங்களில் சத்யஜித் ராய் 1972-இல் எடுத்த 'தி இன்னர் ஐ' கட்டாயம். இருபது நிமிடம், ஒரு பாட வேளையில் முடிந்துவிடும். சாந்திநிகேதனில் ராய்க்கு ஆசிரியராக இருந்த ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜியைப் பற்றியது. பிறவியிலேயே பார்வை குறைந்தவர். 1957-இல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முழுவதும் பார்வை போனது. அதற்குப் பிறகும் காகிதம் வெட்டி ஒட்டினார், சிற்பம் செய்தார், ஓடுகள் பதித்துச் சுவரோவியம் செய்தார். ராய் இதில் அழ வைக்க முயல்வதே இல்லை. ஆனாலும் பிள்ளைகள் வாயில் முதலில் வரும் சொல் "பாவம்". அந்தச் சொல்லை அன்றைக்கு மட்டும் தடை செய்துவிடுங்கள். பார்வை போவதற்கு முன்னால் அவர் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவரில் வரைந்த பக்திக் கவிகளின் பெரிய ஓவியத்தையும், பின்னால் செய்த ஓட்டுச் சுவரோவியத்தையும் அடுத்தடுத்து வைத்து, எது மாறியது, எது மாறவில்லை என்று கேளுங்கள். பிறகு துண்டால் கண்ணைக் கட்டி ஆளுக்கொரு பிடி களிமண் கொடுங்கள். விநாயகர் சதுர்த்திக்கு அடுத்த வாரம் என்றால் களிமண்ணுக்கு அலைய வேண்டாம். தன் முகத்தைத் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்துச் செய்யச் சொன்னால், பெரும்பாலோர் மூக்கை மிகப் பெரிதாகவும் நெற்றியை மிகச் சிறிதாகவும் செய்கிறார்கள். ஏனென்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது: விரலுக்கு நெற்றியில் பிடிமானம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'லவிங் வின்சென்ட்' (2017) நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் ஏறக்குறைய 65,000 ஃபிரேம்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து எடுத்த படம். கதை துப்பறியும் பாணியில் இழுக்கிறது. ஆனால் தீற்றல்கள் ஓடும் திசையைக் காட்ட முதல் பத்து நிமிடம் போதும். பிறகு வான்கோவின் 'விண்மீன் இரவு' ஓவியத்தின் பிரிண்டில் விரலால் திசையைத் தடவச் சொல்லுங்கள். பழைய ரஷ்யச் சமய ஓவியர் ஒருவரைப் பற்றி ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி எடுத்த 'ஆந்திரேய் ருப்லேவ்' பெரிய படம், எனக்கு உயிர். அதைப் பள்ளியில் போடாதீர்கள்; மூன்று மணி நேரமும் கொடுமைக் காட்சிகளும் அந்த வயதுக்கு ஆகாது. கருப்பு வெள்ளையில் ஓடிவந்த படம் கடைசியில் வண்ணமாகி ருப்லேவின் ஓவியங்களை மெல்லத் தடவிக்கொண்டு போகும் பகுதியை மட்டும் தனியாகக் காட்டலாம். ரவி வர்மாவைப் பற்றிய 'ரங் ரசியா' பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் பெற்றது, ஆகவே பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக, அவர் 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கிச் சாமி படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார் என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பூஜையறையிலிருந்து பழைய காலண்டர் லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த லட்சுமி நிற்கும் விதத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பேச ஒரு மாதம் ஓடும். நம் தமிழ்ப் படங்களில் வரும் ஓவியர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். பெரும்பாலும் அவர்கள் கதாநாயகியின் முகத்தை வரைந்து முடித்துவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

திரையிலேயே நின்றுவிட்டால் எல்லாம் பாதிதான். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் இருக்கிறது, 16-ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலத்து வேலை. குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிள்ளைகள் ஏற்கெனவே பத்துத் தடவை போயிருப்பார்கள், தூணில் சாய்ந்து புளியோதரை சாப்பிட்டிருப்பார்கள். இந்தத் தடவை அஞ்சலட்டை அளவுள்ள தடித்த அட்டையில் நடுவில் நீள்சதுர ஓட்டை வெட்டி ஆளுக்கொன்று கொடுங்கள். அதுதான் கேமரா. இருவருக்கு ஒரு தூண், இருபது நிமிடம். ஓட்டை வழியாகத் தூணை முதலில் தூரத்திலிருந்து முழுதாகப் பார்க்க வேண்டும், பிறகு நெருங்கி நெருங்கி வர வேண்டும், எந்த ஐந்து இடங்களில் நிறுத்தினோம் என்று வரைந்து காட்ட வேண்டும். திரைப்படம் அவர்களுக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தது இங்கேதான் வெளியே வரும். எட்டி நின்றால் பாயும் குதிரை. கிட்டே வந்தால் குதிரையின் முன்னங்கால்களுக்குக் கீழே சின்ன உருவங்கள். இன்னும் கிட்டே வந்தால் உளி பட்ட தடம். ஒரு பெண் குதிரைக்காரனின் பாதத்தில் ஆரம்பித்து மேலே போனாள். ஏன் என்றால், "முகத்தைக் கடைசியில் காட்டினால்தானே சார் எதிர்பார்ப்பு இருக்கும்" என்றாள். கடைசியாக எல்லோரையும் தரையில் மல்லாந்து படுக்க வைத்து, விதானத்தில் வட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும் கிளிகளைக் காட்டினேன். கோயிலுக்கு வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். சிறிது நேரத்தில் ஒரு பாட்டியும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

பதினொன்றாம் வகுப்புக்கு ஏறும் வலு இருந்தால் மலையாம்பட்டு அருகே அர்மாமலைக் குகைக்குப் போகலாம். இப்போது அது திருப்பத்தூர் மாவட்டம். 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள், சித்தன்னவாசலின் உறவு. பெரும்பகுதி அழிந்துவிட்டது என்பதை முன்பே சொல்லி அழைத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஏமாந்துபோவார்கள். அழிந்ததைப் பார்ப்பதும் ஒரு பாடம்தான், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மலையேறியதுதான் பிடித்திருந்தது.

நடைமுறையில் மூன்று தொல்லைகள் வரும். ஒன்று சட்டம். பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்று பள்ளிக்குள்ளேயே இருந்தால், கல்வி நடவடிக்கையின் பகுதியாகத் திரைப்படம் காட்டுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஊரைக் கூட்டிப் போடுவதற்கு அது பொருந்தாது. இரண்டாவது மொழி. ஆங்கில வசனத்தை நம்பி உட்கார வைக்காதீர்கள். சத்தத்தை அடைத்துவிட்டு நீங்களே தமிழில் கதை சொல்லுங்கள். பாகவதர்கள் பரம்பரை நமக்கு இருக்கிறது. மூன்றாவது ஆடை இல்லாத உருவங்கள். நீங்கள் காட்டப்போகும் ஒவ்வொரு நிமிடத்தையும் முன்கூட்டித் தனியாகப் பார்த்துவிடுங்கள், "எனக்கு நினைவிருக்கிறது, ஒன்றும் இருக்காது" என்று நம்பாதீர்கள். நான் நம்பினேன். தலைமை ஆசிரியர் அறையில் ஒரு தந்தையின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவரிடம் முன்பே ஒரு சொல் சொல்லியிருந்தால் அவரே உட்கார்ந்து பார்த்திருப்பார்.

தூக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பதினைந்து நிமிடத் துண்டாகக் காட்டினால் யாரும் தூங்குவதில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளையை மட்டும் வாங்காதீர்கள். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, வேலூர் வெயிலில் பிக்காசோவே வந்து வரைந்தாலும் கண் சொருகிவிடும். காலையில் இரண்டாவது வேளை நல்லது. கொடுக்கமாட்டார்கள் என்பீர்கள். தேர்வு வந்தால் ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொண்டு போவது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். எத்தனை வேளை போனது என்று ஜூன் மாதத்திலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கணக்கு ஆசிரியராயிற்றே, கணக்கைக் காட்டினால் மறுக்கமாட்டார்.